பாதத்திலிருந்து தொடங்கும் கண்

எழுபத்தொரு வயதில் நான் புகைப்படக்கலை கற்கப் புறப்பட்டதற்குக் காரணம் ஒரு காது. அது என் காதன்று. என் மனைவியின் காதுமன்று. யாருடையதென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், படங்களுக்குச் சட்டம் போடும் கடை இருக்கிறது. கடைக்காரரை நாங்கள் பாய் என்றே அழைப்போம். அவருடைய தந்தையார் காலத்திலிருந்து எங்கள் பூஜையறைப் படங்கள் எல்லாம் அந்தக் கடையில் கண்ணாடி பெற்றவைதாம். நடராசர் படத்தின் கண்ணாடி விரிசல் விட்டதால், அதை மாற்றுவதற்கு நானும் மனைவியும் ஒரு காலையில் அங்கே போயிருந்தோம். மேசைமீது ஓர் அம்மாளின் பெரிதாக்கிய படம் கிடந்தது. அவர் இறந்து சில நாள்களே ஆகியிருந்தன. பதினாறாம் நாள் மாலை போட்டு வைப்பதற்காகப் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் கல்யாணத்திலோ வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். எவ்வளவு முயன்று வெட்டியும், பக்கத்தில் நின்றவருடைய காது ஒன்று, கல் தோட்டோடு, அந்த அம்மாளின் கன்னத்தை ஒட்டியே தங்கிவிட்டிருந்தது. பாய் மெல்லிய தூரிகை கொண்டு அந்தக் காதின்மேல் சாம்பல் நிறம் பூசிக்கொண்டிருந்தார்.

என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது என்னவென்று கேட்டாள்.

“இன்னாம்மா பண்றது. எல்லாரும் கடேசி நேரத்துல ஓடியாந்து குரூப் போட்டோவத்தான் நீட்டுறாங்க. தனியா நின்ன படம் ஒண்ணுகூட இல்லையாம். அம்பது வருசமா ஒரே வூட்ல இருந்துகிறாங்க, ஒருத்தரும் அந்தம்மாவ தனியா ஒரு படம் புடிக்கல” என்றார் பாய், தூரிகையை எடுக்காமலே.

திரும்பும் வழியில் குளக்கரை வரை என் மனைவி எனக்கு முன்னால் நடந்தாள். பூக்கடைகளைத் தாண்டியதும் நின்று, முகூர்த்தத்துக்குப் புடவை எடுப்பதைப் பற்றிப் பேசுகிறவள்போல நிதானமாகச் சொன்னாள்.

“குரூப் போட்டோல பக்கத்துல நிக்கிற உங்க அண்ணி காதோட நான் சுவத்துல தொங்க மாட்டேன். இப்பவே எனக்கு ஒரு படம் எடுத்து வச்சிடுங்க. நீங்களே எடுங்க. ஸ்டுடியோவுக்குப் போனா அவன் என் மூஞ்சிய வெள்ளையடிச்சிடுவான்.”

நான் திடுக்கிட்டேன். எதற்கு இப்போது அந்தப் பேச்சு என்றேன்.

“நான்தான் முன்னாடி போவேன். அதுல மாத்தம் ஒண்ணும் கிடையாது. பொட்டோட போவேன். படம்தான் இல்ல.”

கணவனுக்கு முன்னால் சுமங்கலியாகப் போய்ச் சேரவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் வேண்டுதல். எனக்கு அது தெரியாததன்று. ஆனால் அதற்கு ஒரு படம் வேண்டும், அந்தப் படத்தை எடுக்க வேண்டியவன் நான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. என் கலக்கம் அங்கேதான் தொடங்கியது. நாள்தோறும் நான் ஓதும் பதிகங்களில் பாதிக்குமேல் இறைவனிடம் என்னை அழைத்துக்கொள் என்று இறைஞ்சுபவை. அவற்றை நான் கண்ணீர் மல்க ஓதுவேன். அதே வேண்டுதலை என் மனைவி பூக்கடை ஓரத்தில், பேச்சுத் தமிழில், பொட்டோடு போவேன் என்று சொன்னபோது காதில் வாங்க அஞ்சினேன். பாட்டில் இனிப்பது வீதியில் ஏன் அச்சமாகிறது என்று எனக்கு விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை.

மறுநாளே அவள் கடைக்குப் போய்ச் சட்டத்துக்குச் சொல்லிவிட்டு வந்தாள். பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலம், தேக்கு நிறம், உள்ளோரத்தில் பொன் கோடு. நான்கு நாள் கழித்து வாங்கப் போனபோது பாய் எதற்கென்று கேட்கவில்லை. அளவைச் சொன்னபோதே தெரிந்துகொண்டிருப்பார். சட்டத்தைத் துடைத்துத் தாளில் சுற்றப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு, அடுக்கிலிருந்து ஒரு லட்சுமி படத்தை உருவி உள்ளே வைத்து, பின்பலகையை ஆணி அடித்து மூடினார்.

“காலி ஃப்ரேம வூட்டுக்கு அனுப்ப மாட்டேம்மா. எங்க வாப்பா காலத்துலருந்து பயக்கம். கண்ணாடி மட்டும் போனா நல்லால்ல. உன் படம் வந்ததும் எத்துகினு வா, மாத்திக் குடுத்துர்றேன்.”

இப்படியாக, என் மனைவிக்காகச் செய்த சட்டத்தில் லட்சுமி வந்து அமர்ந்தாள். கூடத்துச் சுவரில் கிழக்குப் பார்த்து மாட்டினோம். தற்காலிகம் என்றுதான் இருவரும் எண்ணியிருந்தோம்.

கேமராவுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. வேளச்சேரியில் இருக்கும் எங்கள் மகள், குழந்தை பிறந்த புதிதில் வாங்கிய கேமரா ஒன்றை அலமாரியில் போட்டுவைத்திருந்தாள். இப்போது எல்லாம் கைபேசியிலேயே எடுக்கிறாள். நான் கேட்டதும் அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகளாக ஓதுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத அப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு பிறந்துவிட்டதாக எண்ணினாள். என்ன காரணம் என்று நாங்களும் சொல்லவில்லை. கேமராவோடு, பார்க்கவேண்டிய பாடக் காணொளிகளையும் தொடர்ச்சியாக அனுப்பத் தொடங்கினாள். காலையில் கைபேசியைத் திறந்தால் ஏழெட்டு வந்து காத்திருக்கும்.

நான் முறையாகக் கற்கும் வழக்கமுள்ளவன். நீளக் குறிப்பேடு ஒன்று வாங்கி, ஒவ்வொரு ஆசிரியர் சொல்வதையும் பத்தி பிரித்து எழுதிவந்தேன். இரண்டு வாரத்தில் குழப்பம் முற்றியது. நண்பகல் வெயிலில் கேமராவைக் கையில் எடுக்கவே கூடாது என்றார் ஒருவர். நண்பகல் நிழலைப்போல அழகு வேறில்லை என்றார் மற்றொருவர். முகத்தை நடுவில் வைக்காதீர்கள் என்று ஓர் இளைஞர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்; அடுத்த வாரம் அவரே, நடுவில் வைக்கத் துணியுங்கள் என்றார். விதிகளை மனப்பாடம் செய்யுங்கள் என்று தொடங்கும் பாடம், விதிகளை மறந்துவிடுங்கள் என்று முடிந்தது. கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் துளையின் எண் பெரிதானால் துளை சிறிதாகும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. புரிந்தது என்று எழுதிவைத்த பக்கத்தை மறுநாள் பார்த்தபோது மீண்டும் புரியவில்லை.

நாங்கள் பாட்டுப் பயின்ற முறையில், இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் உரையாசிரியர் நடுவில் நின்று அமைதி கூறுவார். இது இந்தச் சூழலில் சொன்னது, அது அந்தச் சூழலில் சொன்னது என்று இரண்டையும் காப்பாற்றுவார். இங்கே மூலங்கள் ஏராளமாக இருந்தன, உரை இல்லை. நானே ஓர் உரை எழுதிப் பார்க்கலாமென்று துணிந்து நான்கு பக்கம் எழுதினேன். ஐந்தாம் பக்கத்தில், நண்பகல் வெயிலில் வந்து நின்றுவிட்டது.

என் நிலையைப் பார்த்த மகள், வகுப்பில் சேர்ந்துவிடுங்கள் அப்பா என்றாள். லஸ் அருகே ஒரு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை எட்டு வாரம் நடக்கும் வகுப்பு. மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத்தைச் சுற்றிக்கொண்டு, பாதி மயிலாப்பூரை வலம்வந்த பிறகே அங்கே போய்ச் சேரமுடியும். ஆசிரியை முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். பன்னிரண்டு மாணவர்களில் எனக்கு அடுத்த மூத்தவருக்கு வயது நாற்பது. முதல் நாள் ஒவ்வொருவரும் எதற்காக வந்தோம் என்று சொல்லவேண்டியிருந்தது. பறவைகள் என்றார் ஒருவர். பயணம் என்றார் ஒருவர். ஒரு பெண் தன் தையற்கடைக்காக என்றாள். என் முறை வந்தபோது, மனைவியை ஒரு படம் எடுப்பதற்காக என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அமர்ந்தேன்.

அடுத்த வாரத்துக்கு, உங்கள் மனத்தை அசைத்த பத்துப் படங்களைக் கொண்டுவாருங்கள், பிறர் படங்களைப் பார்ப்பதும் ஒரு பாடம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். மற்றவர்கள் மழையில் நனையும் முகங்களையும் பனிமலைகளையும் கொண்டுவந்தார்கள். என் மனத்தை அசைத்தவை எல்லாம் என் வீட்டுச் சுவரில்தான் இருந்தன. நாள்காட்டிகளிலிருந்து எடுத்துவைத்த முருகன், அம்பாள், சோமாஸ்கந்தர் படங்களை உறையில் போட்டுக்கொண்டு போனேன். ஆசிரியை சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் மரியாதையோடு மேசையில் பரப்பி, இந்தப் படங்களில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று வகுப்பைக் கேட்டார். எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எந்தப் பக்கமும் நிழல் இல்லை. வெளிச்சமே இறைவன்தானே, அவனுக்கு நிழல் எப்படி விழும் என்று எனக்குள் தோன்றியது. ஆனால் அது புகைப்படப் பாடத்துக்கு விடையாகுமா என்று ஐயமாக இருந்ததால் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் வாரம் விடியலில் அடையாற்று முகத்துவாரத்துக்கும், நான்காம் வாரம் கூட்டம் சேரும் முன்பாகத் தியாகராய நகர்க் கடைத்தெருவுக்கும் அழைத்துப்போனார்கள். நடந்துகொண்டே படம் எடுக்கும் பயிற்சி. நான் ஏறக்குறைய இருநூறு படங்கள் எடுத்தேன். ஐந்தாம் வாரம் அவற்றில் இருபதைச் சுவரில் பெரிதாகப் போட்டுக்காட்டினார்கள்.

சிலர் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டார்கள்.

ஷட்டர் தூக்கும் கடைக்காரரின் செருப்பணிந்த பாதங்கள் இருந்தன, தோளுக்குமேல் ஒன்றுமில்லை. பூக்கூடையோடு அமர்ந்த பெண்ணின் கால் விரல்கள் மெட்டியோடு துல்லியமாகத் தெரிந்தன. முகவாயோடு படம் முடிந்தது. முகத்துவாரத்துக் கொக்குகளில் நீரில் நின்ற மெல்லிய கால்கள் மட்டுமே இருந்தன. கொக்கு மேலே எங்கோ இருந்திருக்கவேண்டும்.

“சார், வேணும்னே இப்படி எடுக்கறீங்களா?” என்றார் ஆசிரியை. பின்வரிசையில் ஒருவர், இது ஏதோ கருத்தோடு செய்யப்பட்டது என்று மெதுவாகச் சொல்வது கேட்டது.

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் பதிகம் சொல்லிக்கொடுத்தவர், சந்நிதியில் கண் முதலில் பாதத்தில் விழவேண்டும், அங்கிருந்து மெல்ல எழுந்து, முழந்தாள், இடை, மார்பு, கடைசியில் திருமுகம் என்று ஏறவேண்டும், எடுத்த எடுப்பில் முகத்தைப் பார்ப்பது உரிமையில்லாதவன் செயல் என்று பழக்கியிருந்தார். அடியிலிருந்து முடிவரை பாடும் பாட்டுகளும் அந்த வரிசையிலேயே போகும். அறுபது ஆண்டுகளாக என் கண் வேறு வழியில் போனதில்லை. கேமராவை முகத்தில் வைத்ததும் என் கண் தானாகப் போய்ப் பாதத்தில் விழுந்து, அங்கேயே பொத்தானைப் பாதி அழுத்தித் தெளிவைப் பூட்டிவிடுகிறது. அதன்பின் மேலே ஏறுவதற்குள் சட்டம் முடிந்துவிடுகிறது.

இதை நான் விளக்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆசிரியை சொன்னார்.

“சாமி அசையாது சார். அதனால நீங்க மெதுவா ஏறலாம். மனுஷங்க அப்படியில்ல. நீங்க கால்லருந்து வந்து சேர்றதுக்குள்ள அவங்க மூஞ்சி வேறயா ஆயிடும்.”

வீட்டுக்கு வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். என் மனைவியின் முகத்தை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். தினமும்தான் பார்க்கிறேன். ஆயினும் ஒரு முகமும் நினைவில் நிற்கவில்லை. அவள் கால்களை எனக்கு நன்றாகத் தெரியும். இடது குதிகாலில் பிறை போன்ற வெடிப்பு, இரண்டாம் விரலில் தேய்ந்த மெட்டி. முகம் என்றால் கல்யாணப் படத்தில் இருக்கும் முகமும், மகள் பிறந்தபோது இருந்த முகமும் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. இப்போதிருக்கும் முகம் எங்கே போயிற்று?

அன்று முதல் நாள்தோறும் காலையில், சன்னலோரம் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்துப் பயின்றேன். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரிலிருந்து எட்டு மணிக்கு நல்ல வெளிச்சம் திரும்பிவரும். முகத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். விரல் பொத்தானைத் தொடும் கணத்தில் கண் வழுக்கிக் கீழே போய்விடும். அவள் கால்நீட்டி அமர்ந்திருப்பாள். பாதம் பளிச்சென்றும், முகம் பனியில் நிற்பதுபோலவும் பதியும். சில நாள் முகத்திலேயே கண்ணை நிறுத்தினேன். ஏதோ செய்யக்கூடாததைச் செய்தவன்போலக் கூசிக் கேமராவை இறக்கிவிட்டேன்.

கேமராவின் சிறிய திரையில் அவற்றைப் பார்த்துவிட்டு அவள் சொல்வாள்: “கால நல்லா எடுத்திருக்கீங்க. இதையே மாட்டுங்க. வர்றவங்க கும்பிட்டுட்டுப் போவாங்க.”

ஆறாம் வாரம் ஆசிரியை ஒரு புதிய பாடம் கொடுத்தார். யாரைப் படமெடுக்க முடியவில்லையோ, அவர் கையில் கேமராவைக் கொடுத்து அவர்முன் நீங்கள் உட்காருங்கள். எதிரில் இருப்பது எப்படி இருக்கிறதென்று தெரியட்டும் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கேமராவைப் பிடிப்பது, பாதி அழுத்துவது, முழுதும் அழுத்துவது ஆகிய மூன்றையும் இரண்டு நிமிடத்தில் காட்டினேன். எண்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்னைச் சன்னலோரம் உட்காரச் சொல்லி, சும்மா உட்கார்ந்தால் பிடித்துவைத்ததுபோல இருக்கிறீர்கள், ஏதாவது பாடுங்கள் என்றாள்.

நான் மனப்பாடமாக ஓதும் பதிகம் ஒன்றைத் தொடங்கினேன். மூன்று பாட்டுகள் தடையின்றி வந்தன. நான்காம் பாட்டில் மூன்றாவது அடி வரவில்லை. இளவயதிலிருந்து ஓதிவருவது, ஒருநாளும் தவறியதில்லை. இரண்டாம் அடியைத் திரும்பச் சொன்னேன். அப்போதும் வரவில்லை. என்ன ஆயிற்று எனக்கு என்று நிமிர்ந்தேன். ஒரு சிறு ஓசை கேட்டது; அவள் எடுத்துவிட்டிருந்தாள். எடுத்துவிட்டு, கேமராவை இறக்காமலே, விட்டுப்போன அடியைச் சொன்னாள். அவள் எங்கள் ஓதும் குழுவில் ஒருநாளும் உட்கார்ந்தவளல்லள். சமையலறையிலிருந்து கேட்டே அவளுக்குப் பாடமாகியிருந்தது.

அந்த ஒரு படத்தை ஏழாம் வாரம் சுவரில் போட்டபோது ஆசிரியை எழுந்து அருகில் போய்ப் பார்த்தார். கண்கள் தெளிவாக இருந்தன. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மென்மையான நிழல். கேள்வி கேட்கும் வாய். நான் இத்தனை நாள் குறிப்பேட்டில் எழுதியவை எல்லாம் அதில் இருந்தன. எழுதாத ஏதோ ஒன்றும் இருந்தது. யார் எடுத்தது என்று ஆசிரியை கேட்டார். சொன்னேன். அவங்களையும் வகுப்புக்குக் கூட்டிவந்திருக்கலாமே சார் என்று தையற்கடைப் பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வாரம் மாணவர் படங்களை அறையில் மாட்டிவைப்பது வழக்கம். இதைப் பன்னிரண்டுக்குப் பதினைந்தில் அச்சடித்துத் தருவதாக ஆசிரியை சொன்னார்.

பெருமையோடு வீட்டுக்கு வந்து சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது.

“அந்த சைஸ்ல போட வேணாம்” என்றாள்.

ஏன் என்று கேட்டேன். சட்டத்தின் அளவு அது என்று எனக்கு அந்தக் கணத்தில் உறைக்கவில்லை. அவள் கீரையைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்களுது ரெடியாயிடுச்சு. என்னுது இன்னும் ஆகல. அதான் எனக்குப் பிடிக்கல. அத அழிச்சிடுங்க.”

ஒரு நல்ல படம் இருந்துவிட்டால் அதற்கு ஏற்ற நாளும் வந்துவிடும் என்று அவள் நினைத்தாள். நாற்பத்தாறு ஆண்டுகளாக அவள் இட்டுவந்த பொட்டு, தான் எடுத்த ஒரு படத்தால் ஆட்டங்கண்டுவிட்டதாக அஞ்சினாள். இதைப் பிறகு யோசித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது, இவ்வளவு அழகாக எடுத்துவிட்டு அழிக்கச் சொல்கிறாளே என்றுதான் மலைத்தேன்.

அழிக்க எனக்கு மனமில்லை. அவளிடம் மறுக்கவும் மனமில்லை. நீயே அழித்துக்கொள் என்று கேமராவைக் கொடுத்து, குப்பைத்தொட்டி அடையாளமிட்ட பொத்தானைக் காட்டினேன். அழுத்தினாள். உறுதியாக அழிக்கவேண்டுமா, வேண்டாமா என்று திரையில் கேள்வி வந்தது. என்ன கேட்கிறது என்றாள். சொன்னேன்.

“இது ஏன் என்னையே திருப்பிக் கேக்குது?”

விரலைப் பொத்தானுக்கு மேலே பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திரையில் இருந்த நான், வராத அடியைத் தேடிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடை வராததால், சிறிது நேரத்தில் கேமரா தானாகவே கண்ணை மூடிக்கொண்டது. அவள் அதை என் மடியில் வைத்துவிட்டு மீண்டும் கீரையை எடுத்தாள்.

அந்தப் படம் இன்னும் அழிக்கப்படவில்லை, அச்சிடப்படவும் இல்லை. கேமராவுக்குள் எங்கோ கிடக்கிறது. மாட்டவேண்டாம் என்று ஆசிரியையிடம் சொன்னபோது, காரணம் கேட்டார். வீட்டில் வேண்டாமென்கிறார்கள் என்றேன். அவர் அதற்குப் பதிலாக, என் மனைவி கால்நீட்டி அமர்ந்து, முகம் கலங்கிப்போன படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டினார். இதற்குத் தலைப்பு வேண்டும் என்றார், வேண்டாம் என்றேன்.

கடைசி வகுப்புக்கு அவளும் வந்தாள். சுவரில் தன் பாதங்களைப் பெரிதாகக் கண்டதும், புடவை ஓரத்தை இழுத்து, தரையில் இருக்கும் பாதங்களை மூடிக்கொண்டாள். “வெடிப்பெல்லாம் தெரியுது. முன்னாடியே சொல்லியிருந்தா மஞ்சளாவது பூசியிருப்பேன்” என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள். தையற்கடைப் பெண் அவளை அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டாள். கலங்கிய முகத்தின் அருகே தெளிந்த முகம் நின்றது. இவ்வளவுதானே, இதைத்தானே எட்டு வாரமாகத் தேடுகிறேன் என்று எனக்குப் பட்டது. கையில் கேமரா இல்லை.

வகுப்பு முடிந்து மூன்று வாரம் ஆனபிறகு, எதிர்பாராத ஒரு காலையில் அது கைகூடியது. நான் கூடத்தில் உட்காராமல், சமையலறை வாசற்படி வரை பின்னால் போய் நின்றேன். அவ்வளவு தூரம் போனதும் பாதமும் முகமும் ஒரே தெளிவுக்குள் அடங்கின. எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. என் கண் வழக்கம்போலப் பாதத்தில் விழுந்து ஏறத் தொடங்கியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். அது இடையைத் தாண்டும்போது அவள், இன்றைக்கு முருங்கைக்காய் வாங்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்று பார்த்துச் சிரித்தாள். கண் முகத்துக்கு வந்துசேர்ந்தபோது சிரிப்பு இன்னும் இருந்தது. அழுத்தினேன்.

பன்னிரண்டுக்குப் பதினைந்தில் அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“நான் இப்படியா இருக்கேன்?” என்றாள். ஆம் என்றேன். நல்லா இருக்கு என்றாள்.

படத்தை மாற்றிவைப்பதற்காகச் சுவரிலிருந்து சட்டத்தை இறக்கினேன். இறக்கியபோதுதான் இருவரும் அதைச் சரியாகப் பார்த்தோம். இந்த நான்கு மாதத்தில் லட்சுமிக்குக் கண்ணாடியின்மேல் நெற்றிக்கு நேராக அவள் இட்ட குங்குமம் தடித்துப் படிந்திருந்தது. மேல்விளிம்பில் வெள்ளிக்கிழமைப் பூ காய்ந்து ஒட்டியிருந்தது. கீழே அகல் வைத்துவைத்துச் சுவர் கருத்திருந்தது. எப்போது தொடங்கினாய் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. விளக்கேற்றும் கை, வழியில் ஒரு லட்சுமி இருந்தால் சும்மா கடந்துபோகாது.

அவளுடைய படத்தையும் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு பாயிடம் போனோம். லட்சுமியை எடுத்துவிட்டுத் தன்னை வைப்பதா என்று என் மனைவிக்குத் தயக்கம். எடுத்தால் அந்த லட்சுமியை எங்கே வைப்பதென்பதும் தயக்கம். வேறொரு சட்டம் போட்டுக்கொள்ளலாமே என்றேன். ஏனோ அதற்கும் அவள் தலையசைக்கவில்லை. பாய் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சட்டத்தைக் கவிழ்த்து ஆணிகளைக் கழற்றினார்.

“இப்ப இன்னா அவசரம்? உன் படம் பின்னால இர்க்கட்டும்மா. லட்சுமி முன்னால இர்க்கட்டும். தேவப்படறப்போ யாராச்சும் கயட்டிப் பாப்பாங்க.”

என் மனைவி சிரித்துவிட்டாள். அப்படியே செய்யச் சொன்னாள். பாய் அவளுடைய படத்தை லட்சுமியின் முதுகோடு சேர்த்துவைத்து, பலகையை மூடி, பழைய துளைகளிலேயே ஆணியைச் செலுத்தினார். குங்குமத்தைத் துடைக்கவில்லை.

சட்டம் மீண்டும் அதே சுவரில் இருக்கிறது. அவள் கேட்டது கிடைத்துவிட்டதா, அல்லது கேட்டதையே மறைத்துவிட்டாளா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. கேட்டால், எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கு என்கிறாள். மகளிடமிருந்து இன்னும் காணொளிகள் வருகின்றன. குறிப்பேட்டில் நண்பகல் வெயிலுக்கு நான் உரை எழுதி முடிக்கவில்லை.

காலையில் நீராடிவிட்டுக் கூடத்துக்கு வந்தால் அவள் அகல் ஏற்றியிருப்பாள். நானும் பக்கத்தில் நின்று கைகூப்புகிறேன். என் கண் பழக்கப்படி தாமரையின்மேல் இருக்கும் திருவடிகளில் விழுகிறது. அதன் பின்னால், இரண்டு தாள் தள்ளி, பிறை வெடிப்புள்ள ஒரு குதிகால் இருப்பது எனக்குத் தெரியும். அங்கிருந்து ஏறும்போது எந்த இடத்தில் யாரைக் கடந்து யாரை அடைகிறேன் என்பது புரிவதில்லை. பக்கத்தில் அவளும் கைகூப்பிக் கண்மூடி நிற்கிறாள். முகத்துக்கு வந்துசேரும் முன்பாகவே, சில நாள்களில், நான் திரும்பி அவளைப் பார்த்துவிடுகிறேன்.